மல்லாட்டை மண்டி எறங்கு

அவருடைய பெயர் எனக்குத் தெரியும். ஆனால் பஸ்ஸில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, அதனால் நானும் எழுதப் போவதில்லை. கண்டக்டர் என்றால் எங்களுக்கு அவர்தான். மற்றவர்களெல்லாம் டிக்கெட் கிழிக்கிறவர்கள்.

ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து விருத்தாசலம் போகிற தனியார் பஸ் அது. வழியில் ஒரு ஊரில் நான் ஏறுவேன். விருத்தாசலத்தில் ஒரு செராமிக் யூனிட்டில் வேலை. வீட்டு மெயின் பெட்டியில் வெள்ளையாக இருக்குமே பீஸ் கட்டை, அதைச் சூளைக்கு அனுப்புமுன் அடிப்பக்கத்தை ஈரப் பஞ்சால் துடைக்க வேண்டும். துடைக்காவிட்டால் வேகும்போது தட்டோடு ஒட்டிக்கொண்டு இரண்டும் வீணாகிவிடும். இந்தத் துடைக்கிற வேலைக்காக வருஷக்கணக்கில் அந்த பஸ்ஸில் நின்றுகொண்டே போய் நின்றுகொண்டே திரும்பியிருக்கிறேன். உட்கார இடம் கிடைத்தால் அன்றைக்கு அதுதான் வீட்டில் பேச்சு. கால் கடுப்பு, பக்கத்து ஆளின் வியர்வை, மேலே விழுகிற கூடை, இவ்வளவுக்கும் நடுவில் அவருடைய குரல்.

நல்ல குரல் என்று சொல்ல முடியாது. புகையிலை அடக்கி அடக்கிக் கரகரத்துப் போன குரல். விருத்தாசலம் ஆரம்பிக்கிற இடம் வந்ததும் ஒரு கால் படிக்கட்டில், பாதி உடம்பு வெளியில் என்று தொங்கிக்கொண்டு தொடங்குவார்.

"ரைஸ் மில்லு எறங்கு! சோடா கம்பெனி எறங்கு! கொட்டாய் எறங்கு! மல்லாட்டை மண்டி... மண்டி எறங்கு!"

வெளியூர்க்காரர்கள் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிப் பார்ப்பார்கள். ரைஸ் மில்லும் இருக்காது, சோடா கம்பெனியும் இருக்காது. ரைஸ் மில் கட்டடத்தில் சிமெண்டு வியாபாரம் நடந்துகொண்டிருக்கும். சோடா கம்பெனியில் பல் டாக்டர். கொட்டாய் என்பது சினிமா தியேட்டர், அது கல்யாண மண்டபமாகி வெகுநாளாயிற்று. வேர்க்கடலையை எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம். அந்த மண்டியில் கடைசியாக எப்போது மல்லாட்டை மூட்டை இறங்கியது என்று எங்கள் அப்பாவைக் கேட்டால்கூட யோசிப்பார்.

எந்தக் கட்டடத்துக்கும் முதல் வியாபாரத்தின் பெயர்தான் அதன் பெயர். அவர் கணக்கு அவ்வளவுதான். அதற்குப் பிறகு யார் வந்தாலும் குடியிருக்க வந்தவர்கள்.

ஒருநாள் கன்னம் வீங்கிய ஒருத்தர், துண்டைத் தலையோடு சுற்றித் தாடையைக் கட்டிக்கொண்டு ஏறினார். பெண்ணாடத்துப் பக்கத்து ஆள் போல, எங்கள் ஊரில் பெண் கொடுத்த வீட்டுக்கு வந்தவராக இருக்கலாம்.

"பல்லாஸ்பத்திரி ஒண்ணு குடுங்க" என்றார் வாயைத் திறக்க முடியாமல்.

"சோடா கம்பெனியா?" என்றார் இவர்.

"சோடா வேணாங்க. பல்லு வலிக்குது."

"அதான்யா, சோடா கம்பெனில எறங்கு."

அந்த மனுஷன் கடைசிவரை இறங்கவில்லை. தன்னைக் கிண்டல் செய்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரை முறைத்தபடியே வந்து, அங்கே விசாரித்து, வெயிலில் தாடையைப் பிடித்துக்கொண்டு திரும்ப நடந்து போனதைப் பார்த்தேன். எனக்கு எரிச்சலாக இருந்தது. பல் டாக்டர் என்று சொன்னால் என்ன குறைந்துவிடும்? கேட்டேன்.

"போயி உள்ள பாரு" என்றார். "பல்லு புடுங்குற நாற்காலிக்குக் கீழ தரையில காடி காடியா இருக்கும். சோடா பொட்டிய இழுத்து இழுத்து வுழுந்த காடி. ஒரு நாளைக்கி ரெண்டு வண்டி சரக்கு சேத்தியாத்தோப்பு வரைக்கும் போவும். டாக்டரு வாடகைக்கு வந்தவரு. நாளைக்கே பெரிய எடம் கெடச்சா போயிடுவாரு. அப்ப என்னா பேரு சொல்லுவ?"

அவருக்கு எல்லாக் கட்டடத்தைப் பற்றியும் இப்படி ஏதாவது ஒன்று தெரிந்திருக்கும். அதில் எத்தனை உண்மை, எத்தனை அவராகச் சேர்த்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. யாரும் போய்ச் சரிபார்த்ததில்லை. நாங்கள் எல்லாம் வேலைக்குப் போகிறவர்கள்.

கொட்டாய் விஷயத்தில் ஒரு சண்டையே நடந்தது. முகூர்த்த நாள். பட்டுப் புடவையும் மல்லிகைப் பூவுமாக பஸ் நிறையக் கல்யாணக் கூட்டம். இவர் வழக்கம்போல, "கல்யாணத்துக்குப் போறவங்கல்லாம் கொட்டாய்ல எறங்குங்க" என்று கத்தினார். பெண்ணைப் பெற்றவர் முன் சீட்டில் இருந்தார். எழுந்துவிட்டார்.

"யோவ், கண்டக்டர்! எம்பொண்ணு கல்யாணத்த சினிமா கொட்டாய்ல வச்சிருக்கேன்னு ஊருக்கெல்லாம் சொல்றியா? ஏசி மண்டபம்யா அது!"

இவர் கையை நீட்டிக் காட்டினார். மண்டபத்தின் மேல்சுவரில், ரோஸ் பெயிண்டுக்கு நடுவே, சதுரமாக இரண்டு ஓட்டைகள்.

"படம் வுடுற ஓட்டைங்க. அப்டியே இருக்குது பாருங்க. அத அடைச்சிட்டு வாங்க, மண்டபம்னு சொல்றேன்."

பஸ் சிரித்தது. பெண்ணின் அப்பாவும் வேறு வழியில்லாமல் சிரித்துவிட்டு இறங்கினார்.

இதையெல்லாம் வைத்து அவர் பழசை நினைத்து உருகுகிற ஆள் என்று நானும் கொஞ்சகாலம் நினைத்தேன். அது தப்பு என்று ரைஸ் மில்லை இடித்தபோது தெரிந்தது. வாரக் கடைசியில் இடித்தார்கள். புகைபோக்கியோடு நின்ற கட்டடம், உமி வாசனை அதன் சுவரிலேயே தங்கியிருக்கும் என்பார்கள். திங்கள்கிழமை காலையில் வெறும் தரை, ஓரத்தில் பெட்ரோல் பங்க் வரப்போகிறது என்று ஒரு போர்டு. இவர் என்ன செய்வார் என்று நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பங்க்கு எறங்கு! பங்க்கு! பங்க்கு!" என்றார்.

குரலில் ஒரு பிசிறும் இல்லை. பங்க்கே இன்னும் வரவில்லை.

"என்னாண்ணே, நேத்து வரைக்கும் ரைஸ் மில்லுன்னீங்க?"

"இடிச்சாச்சில்ல?"

"இடிச்சா?"

"கட்டடம் நிக்கிற வரைக்குந்தான் பேரு. செத்தவன் பேர்ல ரேஷன் வாங்கச் சொல்றியா?" என்று சொல்லிவிட்டுப் பின்பக்கம் டிக்கெட் போடப் போய்விட்டார்.

மண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கடைவீதி திரும்புகிற இடத்தில், பஸ் நிற்கும் இடத்துக்கு நேர் எதிரில் இருந்தது. சுண்ணாம்புச் சுவர், முன்பக்கம் வரிசையாக உருண்டைத் தூண்கள், ஒவ்வொரு பலகையாகக் கழற்றி மாட்டுகிற கதவு. முகப்பு உச்சியில் சுதையில் ஒரு தராசு செய்து வைத்திருந்தார்கள், அதில் ஒரு தட்டு எப்போதோ விழுந்துவிட்டது. சுற்று வட்டாரத்து மாட்டு வண்டிகள் எல்லாம் மல்லாட்டையோடு அங்கேதான் வந்து நின்றன என்பார் கண்டக்டர். பிறகு அரசாங்கம் ஊருக்கு வெளியே மார்க்கெட் கமிட்டி கட்டியது, மூட்டைகள் அங்கே போயின. பங்காளிகள் மண்டியின் நடுவில் ஒரு குறுக்குச் சுவர் எழுப்பிப் பிரித்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு அங்கே ஜவுளிக்கடை வந்தது, உரக்கடை வந்தது, எங்கள் யூனிட்டுக்காரர்கள்கூடக் கொஞ்சநாள் வைக்கோலில் பொதிந்த பெட்டிகளை அடுக்கி வைத்திருந்தார்கள். எது வந்தாலும் எங்கள் பஸ்ஸில் அது மல்லாட்டை மண்டி.

அந்த மண்டியின் ஒரு பாதியைத்தான் கண்டக்டரின் மகன் வாடகைக்கு எடுத்தான்.

ஒரே மகன். தாயில்லாமல் வளர்ந்தவன். அவன் பள்ளிக்கூடம் படிக்கும்போதே கண்டக்டரின் மனைவி காய்ச்சலில் போய்விட்டார். அவன் எங்கள் யூனிட்டுக்குச் சரக்கு எடுக்க வருவான், அதனால் எனக்குப் பழக்கம். நறுக்கென்று பேசுவான், எதையும் நாளைக்கே செய்துவிட வேண்டும் என்கிற அவசரம். ஊறுகாய் ஜாடி, டீ கப், அகல், பொம்மை, பீங்கானில் என்னவெல்லாம் உண்டோ எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைத்து விற்கப் போவதாகச் சொன்னான். செராமிக் ஊர் என்று பெயர் வைத்துக்கொண்டு, ஊருக்குள் ஒரு நல்ல கடை இல்லையே என்பான். நியாயமான பேச்சுதான். கடைக்கு அம்மாவின் பெயரை வைத்தான். தனபாக்கியம் பீங்கான் மாளிகை. நீல எழுத்தில் பெரிய போர்டு, உள்ளே விளக்கு. பஸ்ஸில் நின்றுகொண்டே படிக்கலாம்.

கடை திறந்த அன்று அவனே பஸ்ஸில் ஏறி எல்லாருக்கும் சாக்லேட் கொடுத்தான். கொடுத்து முடித்துவிட்டு அப்பாவிடம் போய் நின்றான்.

"அப்பா, நாளையிலேருந்து ஸ்டாப்புக்குத் தனபாக்கியம்னு கத்துப்பா."

கண்டக்டர் பையைத் தோளில் சரிசெய்துகொண்டார். "கட்டடம் நிக்குதுடா."

"நிக்கட்டும்பா. ஒரு நாளைக்கி எத்தினி ட்ரிப்பு அடிக்கிற! எத்தினி ஜனம் கேக்கும்! போர்டுக்குச் செலவு பண்ணத வுட இது பெருசு. நீ சொல்லிட்டா போதும், மத்த பஸ்ஸுக்காரனும் அதயே சொல்லுவான்."

"அது மண்டிடா."

"அம்மா பேருப்பா!"

பஸ் முழுவதும் காதைத் தீட்டிக்கொண்டிருந்தது. கண்டக்டர் மகனைப் பார்க்கவில்லை. எச்சில் தொட்டு ஒரு டிக்கெட்டைக் கிழித்து, கேட்காத ஒருத்தரிடம் நீட்டினார். ஸ்டாப்பு வந்தது. படிக்கட்டுக்குப் போனார்.

"மல்லாட்டை மண்டி எறங்கு!"

மகன் இறங்கினான். சாக்லேட் டப்பாவை அடுத்த சீட்டிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டான்.

அதற்குப் பிறகு நடந்ததைத் தினமும் பார்க்க வேண்டியிருந்தது எங்கள் தலையெழுத்து. பஸ் சரியாகக் கடைக்கு எதிரில் நிற்கும். உள்ளே மகன் கப்புகளைத் துடைத்துக்கொண்டிருப்பான். அப்பா படிக்கட்டில் தொங்கிக்கொண்டு, கடையின் வாசலைப் பார்த்து, "மண்டி எறங்கு, மண்டி எறங்கு" என்று கத்துவார். மகன் முதல் சில வாரம் நிமிர்ந்து பார்த்தான். பிறகு பஸ் சத்தம் கேட்டாலே உள்பக்கம் போய்விடுவான். டிரைவருக்கே பொறுக்கவில்லை. "நீ சொல்லலன்னா போ, நான் ஆரன அடிச்சித் தனபாக்கியம்னு சொல்றேன்" என்றார் ஒருநாள். "வண்டிய ஓட்டுற வேலய மட்டும் பாரு" என்று கண்டக்டர் சீறியதில் அவர் அதோடு விட்டுவிட்டார்.

பஸ் இரண்டு கட்சியானது. ஆண்கள் பாதிப்பேர், அவர் கொள்கைக்காரர், சொந்த மகனுக்கும் சட்டத்தை வளைக்க மாட்டார் என்று பெருமை பேசினார்கள். பெண்கள் எல்லாரும் திட்டினோம். செத்துப்போன பொண்டாட்டியின் பெயரை ஒரு தடவை வாயால் சொல்ல மனமில்லாத கட்டை என்றோம். கொள்கையாவது மண்ணாங்கட்டியாவது. ஆனால் திட்டிக்கொண்டே நான் ஒன்றைக் கவனித்தேன். ஒவ்வொரு தடவையும் "மண்டி" என்று கத்திவிட்டு, விசில் ஊதுவதற்கு முன்னால், அவர் தலையைத் தூக்கி அந்த நீல எழுத்துப் போர்டை ஒரு பார்வை பார்ப்பார். தினமும் பார்க்கிற போர்டை யாராவது அப்படிப் படிப்பார்களா?

ஒருநாள் எனக்கு உடம்புக்கு முடியாமல் மதியத்தோடு வேலையை விட்டுக் கிளம்பிவிட்டேன். பஸ் ஸ்டாண்டில் எங்கள் பஸ் காலியாக நின்றுகொண்டிருந்தது. டிரைவர் சாப்பிடப் போயிருந்தார். கண்டக்டர் பின் சீட்டில் சட்டைப் பொத்தானைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தார். முதல்முறையாக அவரை உட்கார்ந்த நிலையில் பார்க்கிறேன். வயதான ஆள் என்பதே அப்போதுதான் தெரிந்தது. காய்ச்சல் எனக்குக் கொஞ்சம் வாய்த்துடுக்கையும் கொடுத்திருந்தது.

"ஏண்ணே, ஒரு பேரு சொன்னா வாயி தேஞ்சா போயிடும்? பெத்த புள்ள மூஞ்சத் தொங்கப் போட்டுக்கினு நிக்கிறானே, ஒங்களுக்கு ஒண்ணுமே இல்லியா?"

கோபிப்பார் என்று நினைத்தேன். கோபிக்கவில்லை.

"நீ சொல்லிப் பாரு" என்றார்.

"எத?"

"ஸ்டாப்பு பேர. நான் எப்டி கத்துவனோ அதே மாதிரி கத்து. சும்மா கத்து, யாரும் இல்ல."

எனக்கு விளையாட்டாகத்தான் இருந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு அவர் குரலிலேயே கத்தினேன்.

"தனபாக்கியம் எறங்கு! தனபாக்கியம் எறங்கு!"

மூன்றாவது தடவைக்கு வாயைத் திறக்கும்போதுதான், ஒரு பெண்ணைப் பேர் சொல்லி விரட்டுகிற மாதிரி அது என் காதிலேயே விழுந்தது, நிறுத்திவிட்டேன். அவர் என்னைப் பார்க்காமல் எதிரில் இருந்த பஸ்ஸின் டயரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்த வண்டிலதான் கூட்டியாந்தேன் அவள" என்றார். "தோ, டிரைவருக்குப் பின்னாடி சீட்டு. ஒடம்பு அனலா கொதிக்குது. ஆஸ்பத்திரி ஸ்டாப்பு வந்துது. பின்னாடி பஸ்ஸுக்காரன் ஆரன் அடிக்கிறான், டைமு போச்சின்னு. ஏந்திரிக்க மாட்டாம ஒக்காந்துகிட்டு இருக்கா. எறங்குன்னேன். நீ எறங்கி ஓபி சீட்டு போட்டுக்கிட்டு ஒக்காரு, ட்ரிப்ப முடிச்சிட்டு வரேன்னேன். ஊரு ஒலகத்த எறங்குங்கிற மாதிரி அவளயும் எறங்குன்னேன். எறங்குனா. அதுக்கப்பறம் ஏறல."

நான் கம்பியை விட்டுவிட்டு எதிர் சீட்டில் உட்கார்ந்தேன்.

"இப்ப அவ பேரச் சொல்லி எறங்கு எறங்குன்னு ட்ரிப்புக்கு ட்ரிப்பு கத்தச் சொல்றான். அவனுக்கு இது தெரியாது. சின்னப் பையன் அப்ப, ஸ்கூல்ல இருந்தான்."

"அவங்கிட்ட சொல்லுங்களேண்ணே. இதுல என்னா இருக்குது? புரிஞ்சிக்குவான்."

"சொன்னா போர்ட மாத்திடுவான்."

எனக்குப் புரியவில்லை.

"அவன் அவசரக்காரன். அப்பனுக்குக் கஷ்டமா இருக்குதேன்னு அன்னிக்கே கடைக்கு வேற பேரு வச்சிடுவான். அவ பேரு அவ்ளோ பெருசா எங்கயும் எழுதுனதில்ல. ரேஷன் கார்டுல இத்துனூண்டு இருந்துது. அதுலயும் அடிச்சிட்டாங்க. இருக்கட்டும். என்னத் திட்டுனா திட்டிக்கட்டும். நீயும் வாயத் தொறக்காத."

டிரைவர் பல்லைக் குத்திக்கொண்டே வந்தார். கண்டக்டர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு எழுந்தார். அந்த நடையில் மண்டி வந்தபோது நான் ஜன்னலுக்கு வெளியே பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டேன். "மண்டி எறங்கு" என்ற சத்தம் மட்டும் கேட்டது. அன்றிலிருந்து பெண்கள் கட்சியில் நான் பேசுவதில்லை. உடம்பு சரியில்லாமல் போய் வந்ததிலிருந்து இவள் ஒருமாதிரி ஆகிவிட்டாள் என்றார்கள்.

கடை நிற்கவில்லை. அப்பா பெயர் சொல்லாததால்தான் விழுந்தது என்று மகன் நம்பினான், எங்கள் யூனிட்டுக்கு வரும்போது சொல்லவும் சொன்னான். "ஊருல இருக்கற இடிஞ்ச கட்டடத்துக்கெல்லாம் பேரு சொல்ற வாயி, என் கடைக்குன்னா மூடிக்குது" என்றான். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எங்கள் ஊர்க்காரர்கள் பீங்கான் வேண்டுமென்றால் யூனிட்டில் தெரிந்த ஆளைப் பிடித்து வாங்கிவிடுவார்கள். வெளியூர்க்காரன் பஸ்ஸை விட்டு இறங்குவது ஜாடி வாங்க இல்லை. தினமும் நாலு பக்கமும் தூசி. துடைத்துத் துடைத்தே அவனுக்குக் கை ஓய்ந்திருக்கும். இதையெல்லாம் அவனிடம் சொல்லி என்ன ஆகப் போகிறது? கடையைக் காலி செய்து திருப்பூருக்குப் போனான். அப்பாவிடம் சொல்லிக்கொள்ளவில்லை. எங்கள் பஸ்ஸைப் போகவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறிப் போனான் என்று டிரைவர் சொன்னார்.

போர்டு மட்டும் கொஞ்சநாள் இருந்தது. அடுத்து வந்த பிரியாணிக் கடைக்காரர் அதைக் கழற்றித் திருப்பி, பின்பக்கத்தில் தன் கடைப் பெயரை எழுதி மாட்டினார். கண்டக்டர் அப்போதும் கத்திவிட்டு நிமிர்ந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

பிறகு பங்காளிகள் எல்லாரும் அதிசயமாக ஒன்றுகூடி மண்டியை விற்றார்கள். ஜேசிபி வந்தது. நான் வேலை முடிந்து திரும்பும்போது தூண்களைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். சுண்ணாம்புத் தூசி பஸ்ஸுக்குள் புகுந்து எல்லாரும் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டோம். தராசு எங்கே விழுந்தது என்று தெரியவில்லை. இவர் டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை. பங்க்கு, சோடா கம்பெனி, கொட்டாய் எல்லாம் வழக்கம்போல. அடுத்த ஸ்டாப்பு நெருங்கியது. தகரம் அடித்து மறைத்த காலி மனை. கட்டடம் இல்லை, ஆகவே மண்டி இல்லை. அவருடைய சட்டம்தானே. என்ன வரப்போகிறது என்று அங்கே ஒரு போர்டும் வைக்கவில்லை. அவர் படிக்கட்டில் தொங்கினார், வாயைத் திறந்தார், ஒன்றும் வரவில்லை. விசிலும் ஊதவில்லை. டிரைவர் நிறுத்தாமல் தாண்டிவிட்டார். இறங்க வேண்டியவர்கள் கத்து கத்தென்று கத்தினார்கள். ஒரு கிழவி அவரை நேருக்கு நேர், "வாயில என்னா கொழுக்கட்டையா?" என்று கேட்டாள். அன்றைக்கு முழுவதும் எல்லா நடையிலும் அப்படித்தான் நடந்ததாம்.

அதற்கடுத்த நாள் நான் முன் படிக்கட்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். ஸ்டாப்பு வருவதற்குக் கொஞ்சம் முன்னால் அவர் தொண்டையைச் செருமினார்.

"தனபாக்கியம்" என்றார்.

கத்தவில்லை. பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிடுகிற குரல். பஸ் நின்றது. யாரும் இறங்கவில்லை, யாருக்கும் புரியவில்லை.

"தனபாக்கியம்... தனபாக்கியம்..."

அவ்வளவுதான். எறங்கு இல்லை. பெயரைச் சொல்லிவிட்டுக் கதவை ஒட்டி நகர்ந்து வழிவிட்டு நின்றார். நான்தான் பக்கத்தில் இருந்தவர்களிடம், "மண்டி வந்துடுச்சி, எறங்குங்க" என்றேன். என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, தூசி என்று துடைத்துக்கொண்டேன்.

சில நாளில் பழகிவிட்டது. அவர் பெயரைச் சொல்லுவார், நிறுத்துவார், ஜனங்கள் இறங்குவார்கள். ஊரில் வேறு எந்த ஸ்டாப்பிலும் அத்தனை நிதானமாக யாரும் இறங்கியதில்லை. பின்னாலிருந்து எந்த பஸ்காரன் ஹாரன் அடித்தாலும் அந்த ஒரு ஸ்டாப்பில் கடைசி ஆள் இறங்கி நடக்கிறவரை விசில் ஊத மாட்டார். பெண்கள், "தனபாக்கியம் ஒண்ணு" என்று டிக்கெட் கேட்க ஆரம்பித்தார்கள். மற்ற பஸ்களுக்கும் தொற்றியது. மகன் சொன்னது சரிதான், இவர் சொன்னால் எல்லாரும் சொல்லுவார்கள். ஆனால் அதைக் கேட்க அவன் அங்கே இல்லை. கடையும் இல்லை, கட்டடமும் இல்லை.

முழங்கால் விட்டுப்போய், சர்க்கரையும் சேர்ந்துகொள்ள, அவர் வேலையை விட்டார். அதற்குப் பிறகு அதிக காலம் இருக்கவில்லை. மகன் காரில் வந்து காரியத்தை முடித்துவிட்டுக் காரிலேயே போனான். நான் போயிருந்தேன். அவன் முகத்தில் அழுகை இல்லை, ஒருவிதமான களைப்புதான் இருந்தது. அந்தக் கூட்டத்தில் எதையும் பேச முடியவில்லை.

காலி மனையில் இப்போது நாலு மாடிக் காம்ப்ளெக்ஸ் எழும்பிவிட்டது. கீழே செல்போன் கடை, மேலே துணிக்கடை, அதற்கும் மேலே நீட் கோச்சிங். ஆளுயரத்துக்குப் பெயர் எழுதிப் போட்டிருக்கிறார்கள். அதை யாரும் சொல்வதில்லை. கண்டக்டர் இருந்திருந்தால் அவருடைய சட்டப்படி புதுப் பெயருக்கு மாறியிருப்பாரோ என்னவோ. இப்போது வருகிற பையன்களுக்குச் சட்டமெல்லாம் கிடையாது. முன்னால் இருந்தவன் சொன்னதைச் சொல்லுகிறார்கள்.

நான் இன்னும் அதே வழியில்தான் போய்வருகிறேன். போன மாதம் ஒருநாள் உட்கார இடம் கிடைத்தது. எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்திருந்தவனின் பிடரியைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. பழைய கண்டக்டரின் மகன், அவருடைய அதே பிடரி. முடி நரைத்திருந்தது. ஊரில் இருக்கிற வீட்டை விற்கிற விஷயமாக வந்துவிட்டுத் திரும்புகிறான் என்று பேச்சுக் கொடுத்ததில் தெரிந்தது. பஸ் ஸ்டாண்டுக்கு டிக்கெட் எடுத்திருந்தான். கொட்டாய் தாண்டியதும், இப்போதைய கண்டக்டர், சின்னப் பையன், உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தான்.

"அடுத்து தனபாக்கியம்! தனபாக்கியம்லாம் முன்னாடி வா!"

அவன் சட்டென்று திரும்பினான். காதில் விழுந்தது சரிதானா என்று என்னைப் பார்த்தான்.

"ஸ்டாப்பு பேருதாம்பா" என்றேன். "ஒங்கப்பா வச்சது."

"எங்கப்பாவா?"

எதிரில் ஒரு லாரி பின்னால் எடுத்துக்கொண்டிருந்ததால் பஸ் நின்றுவிட்டது. இனி மாற்றி எழுத போர்டு இல்லை, மறைக்க ஒன்றும் இல்லை. சொன்னேன். ஆஸ்பத்திரி ஸ்டாப்பைச் சொன்னேன். போர்டை மாற்றிவிடுவாய் என்று பயந்ததைச் சொன்னேன். இடித்ததற்கு அடுத்த நாள் அவர் வாய் திறந்து மூடியதையும், அதற்கடுத்த நாள் சொன்னதையும் சொன்னேன். "எறங்குன்னு மட்டும் சேத்து சொல்ல மாட்டாருப்பா. பேர மட்டுந்தான் சொல்லுவாரு" என்றேன். அவன் முன் சீட்டுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தான்.

லாரி நகர்ந்தது. ஸ்டாப்பு வந்தது. இறங்குகிற இடத்தில் கைக்குழந்தையோடு ஒரு பெண் பையைத் தூக்க முடியாமல் தடுமாறினாள். பின்னால் ஹாரன்.

"தனபாக்கியம் எறங்கு, தனபாக்கியம் எறங்கு!" பையன் கதவைத் தட்டிக்கொண்டே கத்தினான். "எறங்கு எறங்கு, சீக்கிரம் எறங்கு!"

மகன் எழுந்துவிட்டான்.

"தம்பி, பேர மட்டும் சொல்லுப்பா."

பையனுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் நல்ல பையன், எரிந்து விழவில்லை. "பேர மட்டும் சொன்னா யாரு சார் எறங்குவாங்க?" என்றான்.

"எறங்குவாங்க" என்றான் மகன். "எங்கப்பா சொன்னப்ப எறங்குனாங்க."